'ஹேவிங்' படுத்தும் பாடு

போன மாதம் எங்கள் கல்லூரியில் மாதிரி இன்டர்வியூ ஒன்று வைத்தார்கள். இறுதியாண்டு பி.காம். மாணவர்கள் எல்லோரும் ஒரே ஹாலில். ஒவ்வொருவராக முன்னால் போய்த் தன்னைப் பற்றி ஆங்கிலத்தில் இரண்டு நிமிடம் பேச வேண்டும். என் வகுப்புத் தோழி ஒருத்தி போனாள். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். காஸ்ட் அக்கவுண்டிங்கில் பாதி வகுப்பு அவளுடைய நோட்டை ஜெராக்ஸ் எடுத்துத்தான் பாஸாகிறது (நானும்தான்). நன்றாகத்தான் பேசிக்கொண்டு வந்தாள். நடுவில் 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' என்றாள். பயிற்சி கொடுக்க வந்தவர், "அப்படியா? லஞ்சுக்கா, டின்னருக்கா?" என்றார். ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன். அதற்கப்புறம் நடந்த இரண்டு பயிற்சி வகுப்புக்கும் அவள் வரவில்லை.

உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் இந்த 'ஹேவ்' விவகாரத்தைக் கொஞ்சம் நோண்டிப் பார்த்தேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவள் சொன்னது தப்புதான். 'ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்' என்பதுதான் சரி. 'இங்' போட்டால் 'ஹேவ்' என்பதற்குச் சாப்பிடுகிற அர்த்தம் வந்துவிடும். அந்தப் பயிற்சியாளரின் ஜோக் இலக்கணப்படி கரெக்ட். அதிலெல்லாம் எனக்குச் சண்டை இல்லை. ஏன் தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லித் தராமல் அடுத்த ஆளைக் கூப்பிட்டாரே, அதில்தான் சண்டை.

இலக்கணப் புத்தகத்தில் விதி இருக்கிறது. 'ஹேவ்' என்பது உடைமையைக் குறிக்கும்போது தொடர்வினையாக வராது. இதை ஏழாவதிலிருந்து மனப்பாடம் பண்ணுகிறோம், பரீட்சையில் கோடிட்ட இடத்தை நிரப்புகிறோம், வாயைத் திறந்தால் மறுபடியும் 'ஐ ஆம் ஹேவிங்'. காரணம் ரொம்ப சிம்பிள். நாம் தினமும் பேசுகிற தமிழில் 'ஹேவ்' என்று ஒரு வினையே கிடையாது!

யோசித்துப் பாருங்கள். 'எனக்கு ரெண்டு அண்ணன் இருக்காங்க.' இதில் எழுவாய் யார்? அண்ணன்கள். நான் 'எனக்கு' என்று நான்காம் வேற்றுமையில் ஓரமாக நிற்கிறேன். சந்தேகம் இருக்கு, காய்ச்சல் இருக்கு, நாளைக்கு டெஸ்ட் இருக்கு... எல்லாம் இதே கதைதான். ஆங்கிலத்தில் 'நான்' முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் உடைமையாக்கிக்கொள்கிறது. எங்கள் காமர்ஸ் பாஷையில் சொன்னால், நடந்த வரவு செலவு ஒன்றுதான். ஆங்கிலம் அதை என் பெயரில் எழுதுகிறது, தமிழ் அண்ணன்கள் பெயரில் எழுதுகிறது. இது நமக்கு மட்டும் உள்ள குறையும் இல்லை. இந்தியிலும் இதற்குத் தனி வினை இல்லை. ரஷ்ய மொழியிலும் சாதாரணப் பேச்சில் 'என்னிடம் இருக்கு' என்கிற மாதிரிதான் சொல்வார்கள்.

இதைவிடப் பெரிய வில்லன் 'வச்சிருக்கேன்'. 'பைக் வச்சிருக்கேன்' என்கிறோம். 'படிச்சிட்டிருக்கேன்' என்றும் சொல்கிறோம். இரண்டும் ஒரே மாதிரி 'இருக்கேன்' என்று முடிகின்றன. 'படிச்சிட்டிருக்கேன்' என்றால் 'ஐ ஆம் ரீடிங்' என்று பள்ளிக்கூடத்தில் பழகிய மூளை, 'வச்சிருக்கேன்' என்றதும் தானாக 'ஐ ஆம் ஹேவிங்' என்று போட்டுவிடுகிறது. இது என் சொந்தத் தியரி, புத்தகத்தில் தேடாதீர்கள். (இந்திக்காரர்களும் 'ஐ ஆம் ஹேவிங்' என்கிறார்கள். அதனால் முழுப் பழியையும் தமிழ்மேல் போட முடியாது.)

சரி, எப்படித்தான் சொல்வது? நான் இப்போது மனதுக்குள் கேட்டுக்கொள்வது ஒரே கேள்வி. இது நான் செய்துகொண்டிருக்கிற காரியமா, பாதியில் நிறுத்த முடியுமா? சாப்பாட்டை நிறுத்தலாம், குளியலை நிறுத்தலாம், அரட்டையை நிறுத்தலாம். அதனால் 'ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்' சரி, 'ஹேவிங் எ பாத்' சரி. அண்ணனை நிறுத்த முடியாது (சில நாள் ஆசையாகத்தான் இருக்கும்). பைக், மீசை, சந்தேகம் எல்லாம் அண்ணன் கட்சி. வெறும் 'ஹேவ்' போதும்.

நூற்றுக்கு நூறு வேலை செய்யும் என்று சொல்லமாட்டேன். 'ஐ ஆம் ஹேவிங் ட்ரபிள் வித் மை போன்' சரியான ஆங்கிலம்தான். அது தற்சமயம் நடந்துகொண்டிருக்கிற தொல்லை, அதனால் 'இங்' ஒட்டும். குழந்தை விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதையாக இருங்கள். 'மை சிஸ்டர் ஹேஸ் எ பேபி' என்றால் அக்காவுக்குக் குழந்தை இருக்கிறது. 'மை சிஸ்டர் இஸ் ஹேவிங் எ பேபி' என்றால் இனிமேல்தான் பிறக்கப்போகிறது, கேட்டவர் வாழ்த்துச் சொல்லிவிடுவார் :-)

நம்முடைய இந்த 'இங்' பைத்தியத்தை வைத்துக் கிண்டலாகக் கவிதையே எழுதியிருக்கிறார்கள். நிசிம் எசக்கியேலின் 'குட்பை பார்ட்டி ஃபார் மிஸ் புஷ்பா டி.எஸ்.' பிரபலம். ஆனால் ஒரு வேடிக்கை பாருங்கள். 'லவ்' என்ற வினையும் 'ஹேவ்' மாதிரியே வழக்கமாக 'இங்' ஏற்காத ஜாதி. 2003-ல் மெக்டொனால்ட்ஸ் அந்த 'லவ்'வுக்கே 'இங்' போட்டு உலகம் முழுக்க விளம்பரம் செய்தது. யாரும் சிரிக்கவில்லை. அமெரிக்கக் கம்பெனி சொன்னால் ஸ்டைல், தமிழ் மீடியம் பெண் சொன்னால் ஜோக்!

இதற்காக 'ஹேவிங் டூ பிரதர்ஸ்' என்றே சொல்லிக்கொண்டிருப்போம் என்று கொடி பிடிக்கவில்லை. இன்டர்வியூ மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு நம் வேற்றுமை உருபு பற்றியெல்லாம் கவலை இல்லை. அவர் பேப்பரில் ஒரு மார்க்கைக் குறைத்துவிட்டுப் போய்விடுவார். கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். அதற்கு ஐந்து நிமிடம் போதும், அதுவும் தமிழிலேயே சொன்னால்.

நேற்று கேன்டீனில் அவளைப் பிடித்து இந்த நிறுத்துகிற கணக்கைச் சொன்னேன். கவனமாகக் கேட்டாள். மீசை உதாரணத்துக்குச் சிரித்தாள். அப்புறம், "இவ்வளவு யோசிச்சிருக்கியே, அன்னைக்கு நீ எதுக்குச் சிரிச்ச?" என்று கேட்டாள்.

"எல்லாரும் சிரிச்சாங்க..." என்று இழுத்தேன். "அது தெரியும்" என்றாள்.

சாரி சொன்னேன். வியாழக்கிழமை அடுத்த வகுப்பு இருக்கிறது. "பாக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.