சட்டையை விடுங்கள், ஆளைக் கவனியுங்கள்

என் பழைய மாணவர்களுக்கும் சொந்தபந்தங்களுக்கும் இன்று கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் என்னிடம் படித்த பெண் ஒருத்தி போன் பண்ணினாள். அவள் மகனுக்கு மனச்சிதைவு நோய். இரண்டு வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறான். "சார், இந்த வேனல்ல மூணு சட்டையப் போட்டு, மேல ஸ்வெட்டரும் மாட்டிக்கிட்டுக் கடைக்குப் போறான். தெருவே பார்த்துச் சிரிக்குது. நேத்து அவன் தூங்கும்போது எல்லாத்தையும் எடுத்து அடுப்புல போட்டுட்டேன் சார்" என்று சொல்லி அழுதாள். அன்று ஆறுதல் மட்டும்தான் சொன்னேன். சொல்ல வேண்டியதைச் சொன்னால் என் கதையையும் சொல்ல வேண்டியிருக்கும் என்று கூச்சம். இப்போது சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அண்ணனை இடைசெவலில் பலருக்கும் தெரியும். ஊர் அவருக்கு வைத்த பேர் கோட்டி. சட்டைமேல் சட்டை, வேட்டிக்குள் பேண்ட், தலையில் இறுக்கிக் கட்டிய துண்டு. சித்திரை வெயிலிலும் அதே கோலம்தான். என் மகள் கல்யாணத்தன்று காலையில் மண்டபத்துப் பின்னறைக்கு அவரை இழுத்துக்கொண்டு போய், நானே அந்தச் சட்டைகளைக் கழற்றினேன். ஒன்று கிழிந்தே போயிற்று. புதுச் சட்டையை மாட்டி மேடைக்குக் கூட்டி வந்தேன். போட்டோவில் நன்றாகத்தான் இருக்கிறார். ஆனால் பந்தியில் உட்காராமலே போய்விட்டார். அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் என் வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

அவர் மனசு இறங்கி வந்த பிறகு ஒருநாள், "எதுக்குண்ணே ரெண்டு சட்டை?" என்று கேட்டேன். கோபமில்லாமல் கேட்டது அதுதான் முதல் தடவை. "கீழ்ச்சட்டையில ரூவா இருக்குப்பா. மேல்சட்டை அதுக்குக் காவல்" என்றார். ஒருநாள் ராத்திரி பஸ் ஸ்டாண்டில் படுத்திருந்தபோது யாரோ அவர் பையைத் தடவிக் காசை எடுத்துப் போயிருக்கிறார்கள். அவரைப் பொறுத்தவரை அது ஒரு ஏற்பாடு. எத்தனையோ வருஷம் பிள்ளைகளிடம் 'ஏன், எதற்கு என்று கேளுங்கள்' என்று பாடம் நடத்திய நான், சொந்த அண்ணனிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

துணிமேல் துணி அணிவது மனச்சிதைவு உள்ளவர்களிடம் அதிகம் காணப்படும் பழக்கம் என்று அமெரிக்க மருத்துவர்கள் 1993-லேயே எழுதியிருக்கிறார்கள். ஆனால் எல்லோருக்கும் காரணம் ஒன்றல்ல. சிலருக்குச் சூடும் குளிரும் நம்மைப்போல் உறைப்பதில்லை. சிலருக்குக் காதில் கேட்கும் குரல் 'இதைப் போடு' என்கிறது. சிலருக்கு, யாரோ தாக்க வருகிறார்கள் என்ற பயத்துக்குத் துணிதான் கவசம். ஒரே சட்டையை மாதக்கணக்கில் மாற்றாமல் இருப்பது பெரும்பாலும் சோம்பேறித்தனமல்ல. எழுந்து குளித்து மாற்றும் முனைப்பையே நோய் எடுத்துவிடுகிறது. சில மாத்திரைகளால் உடம்பு பருத்து, பழைய துணி பிடிக்காமல் போவதும் உண்டு. ஆகையால் வீம்புக்குச் செய்கிறான் என்று முடிவு கட்டாதீர்கள்.

'அப்படியானால் இஷ்டத்துக்கு விட்டுவிடலாமா?' என்று கேட்பீர்கள். ஒரு விஷயத்தில் விடக்கூடாது. அது மானமல்ல, வெயில்.

ஒரு மே மாதம் மத்தியானம் அண்ணன் கம்மாய்க் கரையில் விழுந்து கிடந்தார். உடம்பு தணலாகக் கொதித்தது. ஒரு பொட்டு வேர்வை இல்லை. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். பிழைத்தது அதிர்ஷ்டம். இந்த நோய்க்கான மாத்திரைகள் சில, உடம்பு தன் சூட்டைத் தணித்துக்கொள்ளும் சக்தியைக் குறைக்கும். கை நடுக்கத்துக்குக் கூடவே கொடுக்கும் மாத்திரை வேர்வையையும் குறைக்கும். அதன்மேல் மூன்று சட்டை என்றால் என்ன ஆகும்? 2021-ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் அடித்த வெக்கையில் 619 பேர் செத்துப்போனார்கள். அங்கே மனச்சிதைவு உள்ளவர்களுக்குச் சாவு அபாயம் மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்தது என்று ஆய்வு செய்தவர்கள் சொன்னார்கள். குளிர்தேசத்திலேயே அப்படி. நம் கரிசல் வெக்கை உங்களுக்குத் தெரியாததல்ல.

அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் மருந்தையோ அளவையோ மாற்றிப் பார்ப்பார். திடீரென்று உடுப்பு மாறினாலும் சொல்லுங்கள். நோய் திரும்புவதற்கு அது முன்னறிகுறியாக இருக்கலாம்.

வீட்டில் நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டது இவ்வளவுதான். ஸ்வெட்டரைப் பிடுங்காமல், மெல்லிய பருத்திச் சட்டை இரண்டு வாங்கி, நிறத்தை அவரையே தேர்ந்தெடுக்கச் சொன்னோம். உள்பாக்கெட் வைத்துத் தைத்துக் கொடுத்தோம். சட்டை மூன்றிலிருந்து இரண்டானது, இரண்டு ஒன்றாகவில்லை. போதும் என்று விட்டுவிட்டோம். மத்தியானம் வெளியே போகாமல் பேச்சுக் கொடுத்து உட்கார வைத்தோம். கேட்காமலே தண்ணீரும் மோரும் கொடுத்தோம். அழுக்குத் துணியை ஒளித்து வைக்காமல், "இதைத் துவைச்சு நாளைக்கே தந்திடுறேன்" என்று சொல்லி வாங்கி, சொன்னபடி தந்தோம். அந்த நம்பிக்கை வருவதற்கு ஆறு மாதம் ஆயிற்று.

ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் ஓடமுடியாமல் கருகிப்போனார்கள். 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியில் கட்டுவதைத் தடைசெய்திருக்கிறது. அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது: மனநல நிலையத்தில் இருப்பவர் விரும்பினால் தன் சொந்த உடையை அணியலாம், அங்கே கொடுக்கும் சீருடையைப் போடச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. ஆஸ்பத்திரிக்கே இந்த விதி என்றால் வீட்டில் இருக்கும் நமக்கு?

நம் ஊர்க்காரர் கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' கதையை உங்களில் பலருக்கு வகுப்பில் சொல்லியிருக்கிறேன். கோவணத்தோடு வந்த அநாதைப் பையனைத் தாயம்மாள் குளிப்பாட்டி, வீட்டிலிருந்த புதுத் துண்டை உடுத்திவிடுவாள். நானும் அண்ணனுக்குப் புதுச் சட்டைதான் போட்டுவிட்டேன். அவள் அந்தப் பையனுக்காகச் செய்தாள். நான் கல்யாணத்துக்கு வந்திருந்தவர்களுக்காகச் செய்தேன்.

தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப், இந்த நோய்க்காகவே நடக்கும் நிறுவனம். எந்த நேரமும் தமிழில் பேச 14416, டெலிமானஸ். காசு கிடையாது. எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் போய் நாலு வருஷமாகிறது. மன்னிப்பு என்ற வார்த்தையை அவரிடம் சொல்லாமலே விட்டுவிட்டேன். போன் பண்ணிய மகளே, உனக்கு இன்னும் நேரம் இருக்கிறது. இன்றைக்கே அவனிடம் "உன் துணியை எரிச்சது தப்புய்யா" என்று சொல். அப்புறம் அவனைக் கூட்டிக்கொண்டு துணிக்கடைக்குப் போ. எது வேண்டுமோ அவனே எடுக்கட்டும்.