மேக் வரட்டும், பழைய லேப்டாப் போகவேண்டாம்

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கம்பெனி வழக்கமாக அளித்துவந்த பாதுகாப்பு ஏற்பாடு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்தது. தனியாகப் பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் மேலும் ஓராண்டுத் தவணை கிடைத்தது. விண்டோஸ் 11-க்கு மாறிக்கொள்ளலாமே என்றால், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு அம்சம் வேண்டும், பிராசசர் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இருக்கவேண்டும் என்றெல்லாம் நிபந்தனைகள். இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசசர்களுக்கு, மிகச் சில நீங்கலாக, இந்தப் பந்தியில் இடமில்லை. 2015-லும் 2016-லும் வாங்கப்பட்டு, இன்றும் முணுமுணுக்காமல் உழைத்துக்கொண்டிருக்கும் லேப்டாப்புகள் இப்படித்தான் கிழடு என்ற பெயரை எடுத்துக்கொண்டன.

இந்தச் சந்தர்ப்பத்தில்தான் பெங்களூரில் வாழும் பல தமிழ்க் குடும்பங்களுக்குள் முதல் மேக் நுழைகிறது. மகனுக்கோ மகளுக்கோ சாஃப்ட்வேர் உத்தியோகம். ஆபீசில் கொடுத்திருப்பது மேக். ‘இனிமேல் விண்டோஸோடு மாரடிக்க வேண்டாம் அப்பா, நானே ஒரு மேக் வாங்கித் தருகிறேன்’ என்று பிள்ளை சொன்னால் எந்தத் தகப்பனார் வேண்டாம் என்பார்? 2025 மார்ச்சில் வெளியான எம்4 மேக்புக் ஏர் 99,900 ரூபாய் விலையில் தொடங்கியது. ரொக்கமாகக் கொடுக்க முடியாவிட்டால் மாதத் தவணை இருக்கிறது. அதே ஆண்டு செப்டம்பர் 2-ஆம் தேதி ஹெப்பாளில் ஆப்பிளின் சொந்தக் கடையும் திறந்தாகிவிட்டது. ஆசையைத் தூண்ட வேறென்ன வேண்டும்?

மேக் வாங்குவது ஆடம்பரம், வீண் செலவு என்று பெரியவர்கள் சிலர் முகம் சுளிப்பதுண்டு. அது முழுவதும் நியாயமன்று. 2020 நவம்பரில் ஆப்பிள் தன் சொந்த எம்1 சில்லைக் கொண்டுவந்த பிறகு வந்திருக்கும் மேக்புக் ஏர் யந்திரங்களில் விசிறியே கிடையாது. சூடாகிச் சத்தம் போடுவதில்லை. காலையில் சார்ஜ் செய்தால் சாதாரண எழுத்து வேலைக்கு அன்று முழுவதும் தாங்குகிறது. பல ஆண்டுகள் உழைக்கிறது. பணம் இருப்பவர் வாங்கலாம். தவணை கட்ட முடிந்தவரும் யோசித்து வாங்கலாம். ஒன்று மட்டும் கவனிக்கவேண்டும். மெமரியும் ஸ்டோரேஜும் உள்ளேயே ஒட்டிவைத்து வருவதால், எஸ்.பி. ரோட்டுக்கு எடுத்துப்போய் ‘இன்னொரு எட்டு ஜி.பி. போடுங்கள்’ என்று பின்னால் கேட்க முடியாது. வாங்கும் நாளில் எவ்வளவோ, கடைசிவரை அவ்வளவுதான்.

தவறு வேறிடத்தில் நடக்கிறது. மேக் வரும் அதே நாளில் பழைய லேப்டாப் எக்ஸ்சேஞ்சில் போய்விடுகிறது. ‘எல்லாவற்றையும் காப்பி எடுத்துவிட்டேன்’ என்று பிள்ளை சொல்கிறது. பொய்யில்லை; ஃபைல்கள் அனைத்தும் வந்துதான் இருக்கின்றன. திறந்தால் படிக்க முடிகிறதா என்பதல்லவா கேள்வி? அதைப் பார்க்க வேண்டியவர் தகப்பனார். பார்க்கும்போது பழைய யந்திரம் கைவிட்டுப் போயிருக்கும்.

வெளிமாநிலத்துத் தமிழருக்கு இது ஏன் முக்கியம் என்று சற்று விளக்கிச் சொல்லவேண்டும். தமிழ்நாட்டில் இருப்பவர் ஒரு கல்யாணப் பத்திரிகையோ, கோயில் கும்பாபிஷேக நோட்டீஸோ அச்சடிக்க வேண்டுமானால் தெருமுனையில் டி.டி.பி. கடை இருக்கும். இங்கே அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே எச்.ஏ.எல்., பி.இ.எல்., ஐ.டி.ஐ. போன்ற தொழிற்சாலைகளில் உழைத்து ஓய்வு பெற்றவர்கள், பள்ளி ஆசிரியர்கள், பாங்க் ஊழியர்கள் எனப் பலர் தாங்களே தமிழ் டைப் செய்யக் கற்றுக்கொண்டார்கள். குடியிருப்போர் தமிழ் மன்றத்தின் கூட்டக் குறிப்புகள், பொங்கல் விழா மலர்கள், சந்தா கொடுத்தோர் பட்டியல், பிறந்த ஊரின் வரலாறு என்று எழுதிவைத்த கட்டுரைகள், குடும்ப வம்சாவளி - எல்லாம் அந்த ஒரு லேப்டாப்பில்தான். இதற்கு இரண்டாவது பிரதி பெரும்பாலும் எங்குமே கிடையாது.

இவை எந்த எழுத்தில் டைப் செய்யப்பட்டவை என்பதில் இருக்கிறது சிக்கல். யூனிகோட் என்ற பொது முறையில் தமிழுக்கு 1991-லேயே இடம் கொடுக்கப்பட்டுவிட்டது. ஆனால் அது சாதாரண மக்களின் கைக்கு வந்துசேர வெகுநாள் ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் ஆளுக்கொரு ஃபாண்ட், ஃபாண்டுக்கு ஒரு முறை. பாமினி ஒரு பக்கம், டிஸ்கி ஒரு பக்கம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற இரு முறைகளையும் தமிழ்99 என்ற விசைப்பலகையையும் ஏற்றுக்கொண்டது. 2010-ல் யூனிகோடையும் டேஸ்16 என்பதையும் அறிவித்தது. சட்டம் ஒரு வழியில் போக, டி.டி.பி. உலகம் தன் வழியிலேயே போய்க்கொண்டிருந்தது. பாமினியில் ‘அம்மா’ என்று டைப் செய்தால் கணினி அதைத் தமிழ் என்று அறியாது. சில ஆங்கில எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும்தான் மனத்தில் வைத்துக்கொள்ளும். அந்த ஃபாண்ட் என்ற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால்தான் அம்மா தெரிவாள். கண்ணாடி பழைய லேப்டாப்போடு போய்விட்டால் மிஞ்சுவது வெறும் கிறுக்கல்.

இதில் ஓர் ஆறுதல் உண்டு. சாதாரண டி.டி.எஃப். ஃபாண்டாக இருந்தால் அதே ஃபாண்ட் ஃபைலை மேக்கிலும் போட்டுக்கொள்ளலாம்; பெரும்பாலும் வேலை செய்யும். ஆனால் யாராவது அதைப் பழைய யந்திரத்திலிருந்து நினைவாக எடுத்து வந்திருக்க வேண்டுமே! ‘டாகுமென்ட்ஸ்’ என்ற பெட்டியைக் காப்பி எடுப்பவருக்கு ஃபாண்டுகள் வேறு பெட்டியில் கிடக்கின்றன என்று தோன்றுவதில்லை. அதிலும் தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைக்குத் தோன்ற நியாயமே இல்லை. தமிழ் டி.டி.பி. மென்பொருள்கள் சிலவற்றின் நிலை இன்னும் மோசம். அவை விண்டோஸுக்கென்றே செய்யப்பட்டவை. பூட்டுச் சாவி போன்ற ஒரு டாங்கிளைச் செருகினால்தான் திறக்கும்.

விழா மலர்கள் சமாசாரம் தனிக் கதை. பேஜ்மேக்கரில் கட்டப்பட்ட மலர்கள் எத்தனையோ சங்கங்களில் இருக்கின்றன. அடோபி கம்பெனி அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பான ஏழை 2001-ல் வெளியிட்டதோடு சரி. அதன் வாரிசான இன்டிசைனும் சி.எஸ்.6 பதிப்புவரைதான் பேஜ்மேக்கர் ஃபைல்களைத் திறந்துகொடுத்தது. பின்னர் வந்த பதிப்புகள் கையை விரித்துவிட்டன. புது மேக்கில் இந்த மலரைத் திறக்க நினைப்பது கல்லில் நார் உரிப்பது போலத்தான். பழைய லேப்டாப் உயிரோடு இருக்கும்போதே ஒவ்வொரு மலரையும் பி.டி.எஃப். ஆக மாற்றி வைத்துவிட்டால் பார்க்கவும் அச்சடிக்கவுமாவது முடியும்.

எழுத்துகளை யூனிகோடுக்கு மாற்றித்தரும் மென்பொருள்கள் உண்டு. இணையத்தில் இலவசமாகவே சில கிடைக்கின்றன. மாற்றியபின் ஒரு தடவை வரி வரியாகப் படித்துப் பார்க்காமல் விடலாகாது. நடுவில் ஆங்கிலத்திலேயே அடித்திருந்த பெயரும் பட்டமும் இந்த மாற்றத்தில் அர்த்தமில்லாத தமிழாகிப்போகும். பழைய முறைகள் பலவற்றில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வரும். யூனிகோடில் அது பின்னால் பதிவாகும். இந்த மாறாட்டத்தில் சில இடங்களில் கொம்பு இடம் மாறி உட்கார்ந்துவிடும். ‘பெரியசாமி’க்கு நேர்ந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். நன்கொடையாளர் பட்டியலில் நேர்ந்தால் சண்டை வரும்.

மேக்கில் தமிழ் இல்லையோ என்று பயப்படவேண்டிய அவசியம் இல்லை. மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் உருவாக்கிய இணைமதி பல ஆண்டுகளாக மேக்குடனேயே வந்துகொண்டிருக்கிறது. அவர் செய்த இன்னொரு ஃபாண்டின் பெயர் ‘தமிழ் சங்கம்’! டைப் செய்ய அஞ்சல் முறையும் தமிழ்99-ம் உள்ளேயே இருக்கின்றன. என்.எச்.எம். ரைட்டர், அழகி, இ-கலப்பை ஆகியவற்றை விண்டோஸில் உபயோகித்து, ஆங்கில எழுத்தொலியை வைத்துத் தமிழ் அடித்துவந்தவர்களுக்கு அஞ்சல் முறை ஒரு வாரத்தில் கைவந்துவிடும். பழைய தமிழ் டைப்ரைட்டர் முறையில் பரீட்சை எழுதித் தேறிய விரல்கள்தான் திண்டாடும். அப்படிப்பட்டவர்கள், தங்கள் விசைமுறை மேக்கில் கிடைக்குமா என்று கடையிலேயே உட்கார்ந்து ஒரு கடிதம் அடித்துப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுவது நல்லது. வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. புடவைக் கடையில் பிரித்துப் பார்க்காமலா எடுக்கிறோம்?

மற்ற பழக்கங்கள் பெரிய விஷயமல்ல. கன்ட்ரோல் விசை செய்துவந்த வேலையைக் கமாண்ட் விசை செய்யும். சிவப்புப் பொட்டை அழுத்தினால் ஜன்னல்தான் மூடும், மென்பொருள் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். டெலிட் என்று எழுதியிருப்பது பின்னோக்கி அழிக்கும். முதல் வாரம் எரிச்சல் வரும். மூன்றாம் வாரம் மறந்துபோகும்.

வியாபாரிகளின் கதை வேறு. டாலி இதே பெங்களூரில் பிறந்த கம்பெனியின் மென்பொருள்தான் என்றாலும் விண்டோஸுக்காகச் செய்யப்பட்டது. மேக்கில் நேரடியாக ஓடாது. எம் வரிசை மேக்குகளில் பழைய பூட்கேம்ப் வசதியும் கிடையாது. பேரலல்ஸ் போன்ற ஒன்றை விலைக்கு வாங்கி அதனுள் விண்டோஸ் 11-ஐ ஓடவைக்கலாம். 2023 முதல் மைக்ரோசாஃப்டே அதற்கு ஒப்புதல் கொடுத்திருக்கிறது. ஆனால் அது கூடுதல் செலவு. வருமானவரிக்கும் ஜி.எஸ்.டி.க்கும் டிஜிட்டல் கையொப்பச் சாவி வைத்திருப்பவர்கள், மேக்கில் அது வேலை செய்யுமா என்று சாவியை விற்றவரிடமே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும். கணக்கு வேலைக்கு மட்டுமே கணினி வைத்திருக்கும் மளிகைக் கடைக்காரருக்கு மேக் தேவையே இல்லை என்பதுதான் உள்ளது உள்ளபடியான பேச்சு. அதே பணத்தில் நல்ல விண்டோஸ் லேப்டாப்பும் பிரிண்டரும் வாங்கி மீதியும் வைக்கலாம்.

விலை குறைவு என்று இன்டெல் பிராசசர் உள்ள பழைய மேக்கை இரண்டாம் கையாக வாங்குவோர் இருக்கிறார்கள். 2025-ல் வந்த டஹோ என்ற பதிப்புத்தான் இன்டெல் மேக்குகளுக்குக் கடைசி என்று ஆப்பிளே அறிவித்துவிட்டது. அதுவும் அவற்றில் சிலவற்றுக்கே. விண்டோஸ் 10-இன் கதிக்கு அஞ்சி ஓடிவந்தவர் அதே பள்ளத்தில் விழ இருபதாயிரமோ முப்பதாயிரமோ கொடுக்க வேண்டுமா? வாங்குவதானால் எம்1-ஓ அதற்குப் பின் வந்ததோதான் வாங்கவேண்டும்.

எக்ஸ்சேஞ்சில் பத்து வருஷத்து லேப்டாப்புக்குக் கிடைப்பது அற்பத் தொகை. அதை விட்டுக்கொடுத்து ஆறு மாதம் அந்த யந்திரத்தை அலமாரியில் வைத்திருக்கலாம். பாதுகாப்பு நின்றுபோன விண்டோஸ் ஆகையால் இன்டர்நெட்டோடு சேர்க்காமல் வைத்தால் போதும். பாங்க் வேலை எதையும் அதில் செய்யக்கூடாது. ஃபாண்டுகளை முதலில் ஒரு பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, பிறகு மலர்களைப் பி.டி.எஃப். ஆக்கி, அதன்பின் கடிதங்களையும் கட்டுரைகளையும் ஓய்வாக யூனிகோடுக்கு மாற்றலாம். எக்ஸ்டெர்னல் டிஸ்க் என்.டி.எஃப்.எஸ். முறையில் இருந்தால் மேக் அதைப் படிக்குமேயன்றி எழுதாது. எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்த டிஸ்க் இரண்டிலும் ஓடும். ஏற்கெனவே ஃபைல்கள் உள்ள டிஸ்க்கை ஃபார்மட் செய்தால் அத்தனையும் அழிந்துபோகும் என்பதையும் சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது.

தமிழ் மன்றங்களும் சங்கங்களும் இதில் ஒரு நல்ல காரியம் செய்யலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அங்கத்தினர்கள் தங்கள் பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வரட்டும். கணினி தெரிந்த இளைஞர் ஒருவர், தமிழைப் பிழையறப் படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் என்று இரண்டிரண்டு பேராக உட்கார்ந்தால் ஒரு நாளில் பத்துப் பேருடைய கட்டுரைகள் கரையேறும். மன்றத்தின் சொந்தக் கூட்டக் குறிப்புகளை அன்று முதலில் எடுத்துக்கொள்வது உத்தமம். அவை எந்தச் செயலாளர் வீட்டு லேப்டாப்பில் இருக்கின்றன என்று கேட்டு ஆரம்பித்தால் ஆயிற்று.