பெயர் தெரிந்தால்தான் பிழைக்க வழி!

"இந்த வயதில் இதைப் போய் டாக்டரிடம் சொல்வதா?"

மாதவிலக்கு நின்ற பிறகு உதிரம் கண்டால், பல தாய்மார்கள் இப்படித்தான் நினைக்கிறார்கள். வாய் திறப்பதில்லை. இந்த வெட்கம் உயிருக்கே உலை வைத்துவிடும்!

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் பல வகை உண்டு. அதில் ஒன்று, "நியூரோஎண்டோகிரைன்" புற்றுநோய். வாயில் நுழையாத பெயர்! நரம்பு, சுரப்பி ஆகிய இரண்டின் குணங்களையும் காட்டும் உயிரணுக்கள் இதில் இருப்பதால் இந்தப் பெயர்.

இது மிக அபூர்வம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் கண்ட 100 பேரில் ஒருவருக்கோ இருவருக்கோதான் வரும்.

அபூர்வம்தானே என்று அலட்சியமாக இருக்கலாமா? கூடாது. இது வேகமாகப் பரவும் நோய். கட்டி சிறிதாக இருக்கும்போதே நுரையீரல், கல்லீரல், எலும்பு என்று போய்விடக்கூடும்.

சோதனைக்குத் தப்பும் நோய்

"பாப் ஸ்மியர்" என்ற சோதனை எத்தனையோ பெண்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால், பல ஆண்டுகள் மெல்ல மெல்ல வளரும் வகையைப் பிடிக்கத்தான் அது நன்கு உதவும். இந்த வேகக்கார நோய் அதன் கண்ணில் படாமல் தப்பிவிடலாம்.

ஆகவே, "சோதனையில் ஒன்றும் இல்லை" என்ற சீட்டைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடக் கூடாது. உதிரப்போக்கு நிற்கவில்லையா? மீண்டும் டாக்டரிடம் போக வேண்டும். கட்டி தெரிந்தால், சிறிது சதையை எடுத்துச் சோதிப்பார்கள்.

அதிலும் ஒரு சிக்கல்! பூதக்கண்ணாடியில் பார்க்கும்போது, இது வேறு வகைப் புற்றுநோய் போலவும் தோன்றலாம். சினாப்டோபைசின், குரோமோகிரானின் போன்ற புரதங்களைக் காட்டிக் கொடுக்கும் தனிச் சாயச் சோதனை செய்தால்தான் உண்மை விளங்கும்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பெயரில்தான் வைத்தியமே இருக்கிறது! நுரையீரலில் வரும் சிற்றணுப் புற்றுநோய்க்குத் தரும் சிஸ்பிளாட்டின், எட்டோபோசைடு மருந்துகளையே இதற்கும் தருகிறார்கள். வகை தவறினால் வைத்தியமும் தவறும்.

சிறிய ஊரில் அந்தச் சோதனைக்கு வசதி இல்லாமல் இருக்கலாம். அதற்காகச் சும்மா இருந்துவிடக் கூடாது. எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள். அதைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப் பார்க்கலாம். "எந்த வகை என்று உறுதியாகத் தெரிந்ததா?" என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல, குடும்பத்தாரின் உரிமை.

இந்த நோய்க்கும் பெரும்பாலும் காரணம் எச்.பி.வி. கிருமிதான். முக்கியமாக, அதன் 16, 18 வகைகள். இரண்டையும் தடுக்கத் தடுப்பூசி இருக்கிறது. மகளுக்கு நகை சேர்க்கும் பெற்றோர், இந்த ஊசியையும் மறக்கலாமா?

தாய் சொல்லத் தயங்கினால், மகள் கேட்கட்டும். மனைவி மறைத்தால், கணவன் அழைத்துப் போகட்டும். வெட்கத்தைவிட உயிர் பெரிது!