அடங்கிக் கிடக்கும் பகை

நோய்க்கிருமி உடலிற் புகுந்தால் ஒன்று நோய் வெல்லும், அன்றேல் உடல் வெல்லும் என்பதே நம்மிற் பலரது எண்ணம். எச்.ஐ.வி. வைரசைப் பொறுத்தவரை மூன்றாவது நிலை ஒன்றும் உண்டு. வைரசு உடலில் இருக்கும், ஆயினும் தலையெடுக்காது. மருந்து உட்கொள்ளாமலே அதனை ஆண்டுக்கணக்காக அடக்கி வைத்திருப்போர், தொற்றுற்றவருள் நூற்றுக்கு ஒருவரிலும் குறைவு. 1986ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் சுனிதி சாலமனும் அவர்தம் மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் தொற்றுக்களைக் கண்டறிந்தனர். அதே சென்னையிலும் பூனாவிலும் பின்னாளில் இத்தகைய அரியவர்களும் ஆராயப்பட்டனர்.

இவர்கள் உடலில் நிகழ்வது யாது? நிர்ப்பீடனப் படைக்குத் தளபதி போன்ற சீ.டி.4 கலங்களையே இவ்வைரசு பற்றுகிறது. நம் கலங்களோ, தம்முள் ஆக்கப்படும் புரதங்களின் துண்டுகளை வெளிப்புறத்தே ஏந்திக் காட்டும் இயல்புடையன. ஏந்தும் தட்டுக்கு எச்.எல்.ஏ. என்று பெயர். தட்டில் அந்நியத் துண்டு தென்பட்டால், சீ.டி.8 எனும் கொல்கலங்கள் அக்கலத்தையே அழித்துவிடும். இத்தட்டின் வடிவம் பெற்றோர் வழி வருவது. ஆளுக்கு ஆள் வேறுபடுவது.

வைரசு ஓயாது வேடம் மாற்றும் கள்வன். ஆனால் பி57, பி27 எனும் வகைத் தட்டுக்கள், வைரசு எளிதில் மாற்றவியலாத உட்புரதப் பகுதிகளையே பெரிதும் காட்டிக்கொடுக்கின்றன. கள்வன் சால்வையை மாற்றலாம், முதுகெலும்பை மாற்றுவானா? மாற்ற முயன்றால் வைரசே வலுவிழக்கும்.

2020இல் வெளியான ஆய்வொன்று இத்தகைய 64 பேரை ஆராய்ந்தது. அவர்களுட் பலரிடத்தே, எஞ்சிய வைரசு நிறமூர்த்தங்களின் பாலைநிலம் போன்ற, செயலற்ற பகுதிகளில் முடங்கிக் கிடந்தது. 1992இல் தொற்றுற்ற கலிபோர்னியாப் பெண்மணி லொரீன் வில்லன்பெர்க்கின் 150 கோடிக்கு மேற்பட்ட கலங்களைத் துருவியும், பெருகவல்ல முழு வைரசு ஒன்றேனும் அகப்படவில்லை!

“அப்படியாயின் மருந்தை நிறுத்திப் பார்க்கலாமே?” என்று மாணவர் சிலர் வினவக்கூடும். கூடவே கூடாது. பி57 வாய்த்தவர்களிலும் பலர் நோயுறுகின்றனர். அடக்கியவர்களிலும் சிலர் பிற்காலத்தில் அவ்வாற்றலை இழக்கின்றனர். ஓயாத உட்போர் சிலரது உடலை நலியச் செய்வதும் உண்டு. ஆதலால் தொற்றுற்ற யாவருக்கும் சிகிச்சை வேண்டுமென 2015இல் உலக சுகாதார நிறுவனம் விதந்துரைத்தது. நாள்தோறும் மருந்துண்டு, சோதனையில் வைரசு தென்படாத அளவுக்கு அதனை அடக்கியவரிடமிருந்து தாம்பத்திய உறவின் மூலமும் தொற்றுப் பரவுவதில்லை. இயற்கை ஒருசிலருக்கு அளித்ததை மருந்து எல்லோருக்கும் அளிக்கிறது. ஜிந்துப்பிட்டியில் வாழ்வோரும் வெள்ளவத்தையில் வாழ்வோரும் கொழும்பு 10, டி சேரம் பிளேஸிலுள்ள அரசாங்க நிலையத்தில் இலவசமாக, இரகசியம் காக்கப்பட்டுச் சோதனையும் சிகிச்சையும் பெறலாம். தாயிடமிருந்து சேய்க்கு இத்தொற்று பரவுவதை நம் நாடு ஒழித்துவிட்டதென 2019இல் உலக சுகாதார நிறுவனமே சான்று வழங்கியது.

ஒன்றை மட்டும் நம் வீடுகளில் நினைவிற் கொள்வோமாக. நல்ல தட்டு வாய்த்தது அதனை உடையவரின் பெருமையன்று. வாய்க்காதது மற்றவரின் குற்றமுமன்று. சோதனைக்குச் செல்ல ஒருவர் அஞ்சுவது பெரும்பாலும் வைரசுக்கன்று, நம் வாய்க்கே. அவ்வச்சத்தைப் போக்க மருந்து வேண்டியதில்லை, நாவடக்கமே போதும்.