முதுகைப் பார்த்துப் பரிசளிப்போம்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. விலங்கியல் மாணவன்)

அழகு என்றால் என்ன? கவிஞர் ஒரு விடை சொல்வார். ஓவியர் வேறொரு விடை சொல்வார். விலங்கியல் பயிலும் மாணவன் சொல்லும் விடை இது: ஓர் உறுப்பு தனக்குரிய வேலையை நோவின்றிச் செய்வதே அதன் அழகு. இந்த அளவுகோலை வைத்துக் காட்சிக் குதிரைகளை நாம் மதிப்பிடும் முறையை எண்ணிப் பார்த்தேன். பார்க்க வேண்டியதைப் பாராமல், பளபளப்பைப் பாராட்டி வருகிறோம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆடி மாதத்தில், ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் விழாவையொட்டிக் கூடும் கால்நடைச் சந்தையை நம்மில் பலர் அறிவர். மார்வாரி, கத்தியவார் இனக் குதிரைகள் அங்கே வருகின்றன. மேளத்துக்கு ஏற்பக் கால் மாற்றி ஆடும் குதிரையைச் சுற்றிப் பெருங்கூட்டம் நிற்கிறது. விலை பேசுவோர் நிறத்தைப் பார்க்கிறார்கள், சுழியைப் பார்க்கிறார்கள், மார்வாரியின் காது நுனிகள் வளைந்து ஒன்றையொன்று தொடுகின்றனவா என்று பார்க்கிறார்கள். சேணத்தைக் கழற்றி முதுகைத் தடவிப் பார்ப்பவர் எத்தனை பேர்?

முதுகுக்கு ஏன் இத்தனை முதன்மை? குதிரையின் மார்புப் பகுதியில் 18 முள்ளெலும்புகளும் இடுப்புப் பகுதியில் பொதுவாக 6 முள்ளெலும்புகளும் உள்ளன. முன்னங்கால்களை உடலோடு பிணைக்கக் காறை எலும்பு கிடையாது. தோள்களுக்கிடையே உடல் தசைகளால் தொட்டில்போல் தொங்குகிறது. நிற்கும் குதிரையின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்னங்கால்களே தாங்குகின்றன. இந்த அமைப்பின் நடுவில்தான் நாம் ஏறி அமர்கிறோம். குதிரையின் முதுகு நமக்காகச் செய்து வைத்த பலகை அன்று. தன் வயிற்றின் பாரத்தைத் தாங்குவதற்காக அமைந்த பாலம்.

டச்சு நாட்டு அறிஞர் ஸ்லைப்பர் 1946ஆம் ஆண்டில் இந்த அமைப்பை வில்லுக்கும் நாணுக்கும் ஒப்பிட்டு விளக்கினார். முதுகெலும்பு வில், வயிற்றுத் தசைகள் நாண். நாண் இறுகினால் வில் மேல்நோக்கி வளைகிறது, முதுகு உயர்கிறது, பின்னங்கால்கள் வயிற்றுக்கு அடியில் நன்கு எட்டி விழுகின்றன. கடிவாளத்தை இழுத்துத் தலையை உயரத் தூக்கிக் கட்டினாலோ முதுகு குழிகிறது. மேலே ஆளும் அமர்ந்துவிட்டால் குழிவு மிகுகிறது. முள்ளெலும்புகளின் மேல்நோக்கிய நீட்சிகள் நெருங்குகின்றன. சில குதிரைகளில் ஒன்றோடொன்று உராயவும் செய்கின்றன. நடை குறுகுகிறது. நாம் கம்பீரம் என்று கைதட்டும் தோற்றம் சில வேளைகளில் இந்தக் குழிந்த முதுகின் தோற்றமே!

உடலமைப்பிலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை உண்டு. நீண்ட முதுகுடைய குதிரைக்குத் தசையும் தசைநாரும் நோவது எளிது; குறுகிய முதுகுடையதற்கு எலும்பில் கோளாறு வருவது எளிது என்பர் மருத்துவர். லியோ ஜெஃப்காட் என்ற கால்நடை மருத்துவர் 443 குதிரைகளின் முதுகுக் கோளாறுகளை ஆராய்ந்து 1980இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் புகழ்பெற்றது. தசை நோவும் முள்நீட்சி உராய்வும் அதில் முக்கிய இடம் பெறுகின்றன. ஆகவே, முதுகின் நீளம் மட்டும் தீர்ப்பாகாது. அந்த முதுகை நாம் நடத்தும் விதமும் சேர்ந்தே தீர்ப்பு எழுதுகிறது.

வேதனைக்குரியது ஒன்று உண்டு. முதுகு நோகும் குதிரை வயிற்று வாரை இறுக்கும்போது காதை மடக்கும், வாலைச் சுழற்றும், தாண்ட மறுக்கும், துள்ளி ஆளைத் தள்ளும். நாமோ அதற்குத் "திமிர்" என்று பெயரிட்டுச் சாட்டையை எடுக்கிறோம். நோய்க்கு மருந்து அடியா?

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என் தந்தையார் மண்டியில் மூட்டை தூக்கும் தொழிலாளி. சேணம் முதுகெலும்பின்மேல் அழுந்தாமல் இருபுறத் தசைகளின்மேல் அமர வேண்டும் என்று படித்ததை அவரிடம் சொன்னேன். "இதுக்குப் புஸ்தகம் வேணுமா? மூட்டை சதையில உட்காரணும், எலும்புல உட்காரக் கூடாது. எனக்கு வலிச்சா எறக்கி வைக்கச் சொல்ல வாயிருக்கு. அதுக்கு இருக்கா?" என்றார். பாரம் சுமந்தவரின் சொல் பாடநூலுக்குக் குறைந்ததன்று என்று அன்று உணர்ந்தேன்.

"காட்சி என்றால் கண்ணுக்கு அழகுதானே முக்கியம்? சுழி பார்ப்பது நம் முன்னோர் வழக்கமல்லவா?" என்று நண்பர்கள் கேட்கலாம். வழக்கத்தை நான் இகழவில்லை. ஆனால் பரிசு எதற்குக் கிடைக்கிறதோ அதுவே இனத்தில் பெருகும் என்பதை மறக்கலாகாது. அமெரிக்காவில் இம்ப்ரெஸிவ் என்ற குவார்ட்டர் இனக் குதிரை, திரண்ட தசையழகுக்காக 1974இல் உலக வாகையர் பட்டம் பெற்றது. அதன் வழியில் ஆயிரக்கணக்கான குட்டிகள் பிறந்தன. தசை நடுங்கிக் குதிரை சாயும் பரம்பரை நோய் ஒன்றும் அவ்வழியே பரவியது. அதற்குக் காரணமான மரபணு மாற்றம் 1992இல் கண்டறியப்பட்டது. கண்ணை மட்டும் நம்பியதற்கு அந்த இனம் கொடுத்த விலை அது.

விதிகளை மாற்ற முடியாது என்பதும் இல்லை. குதிரையின் கழுத்தை வலிந்து மடக்கிப் பயிற்றுவதை ஏற்க இயலாது என்று உலகக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2010இல் அறிவித்தது. நம் ஊர்க் காட்சிகளிலும் மாற்றம் வரட்டும். ஆட்டத்துக்கு முன் குதிரை சேணமின்றி நேர்க்கோட்டில் நடந்து காட்டட்டும். கால்நடை மருத்துவர் முதுகெலும்பின் இருபுறமும் விரலால் அழுத்திப் பார்க்கட்டும். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. நோவுள்ள குதிரை ஓய்வுக்குச் செல்லட்டும். முதுகெலும்பின் வளர்ச்சி ஐந்து வயதையொட்டியோ அதைக் கடந்தோதான் நிறைவுறுகிறது. ஆதலால் இளங்குட்டிகளின்மேல் ஆளேற்றி ஆடவிடுவதைத் தடுக்கட்டும். மதிப்பெண்ணில் ஒரு பங்கு முதுகின் நலத்துக்கென ஒதுக்கப்படட்டும்.

விலங்கியல் மாணவராகிய நமக்கு இதில் ஒரு கடமை உண்டு. ஆய்வுக்கூடத்து எலும்புக்கூட்டில் எண்ணிப் பழகிய முள்ளெலும்புகளை உயிருள்ள குதிரையிடத்தும் நினைவுகூர வேண்டும். அடுத்த ஆடிச் சந்தையில் ஆடும் குதிரையைக் காணும்போது, கைதட்டும் முன் அதன் காதையும் வாலையும் ஒரு கணம் கவனியுங்கள். வாயில்லா உயிர் அவற்றால்தான் பேசுகிறது.