தனுஷ்கோடிக்குப் போகிறவர்களுக்கு

தாம்பரத்தில் மாலையில் ரெயில் ஏறினால், மறுநாள் காலையில் ராமேசுவரத்தில் இறங்கலாம். 2025 ஏப்ரல் 6-ந் தேதி பாம்பனில் புதிய ரெயில் பாலம் திறக்கப்பட்டது. அன்றைக்கே இந்த ரெயிலும் தொடங்கி வைக்கப்பட்டது. பல்லாவரம், குரோம்பேட்டை, சேலையூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்கு நல்ல வசதி. கோவிலில் சாமி கும்பிட்ட கையோடு, சுமார் 20 கிலோ மீட்டர் தூரத்தில் உள்ள தனுஷ்கோடியையும் பார்க்கப் போகிறார்கள்.

போகட்டும். பார்க்க வேண்டிய இடந்தான். ஆனால், "கடற்கரையில் கூடாரம் அடித்து ஓர் இரவு தங்கினால் என்ன?" என்று இளைஞர்கள் சிலர் ஆசைப்படுகிறார்கள். அந்த ஆசை வேண்டாம்.

ஒரு காலத்தில் அது பெரிய ஊர். ரெயில் நிலையம், தபால் ஆபீசு, மாதா கோவில் எல்லாம் இருந்தன. சென்னையில் இருந்து ரெயிலில் வருகிறவர்கள், அங்கே கப்பல் ஏறி இலங்கைக்குப் போவார்கள். 1964 டிசம்பர் 22-ந் தேதி இரவு புயல் அடித்தது. கடல் ஊருக்குள் புகுந்தது. பாம்பனில் இருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரெயிலை அலை அடித்துக்கொண்டு போயிற்று. அதில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டனர். "மக்கள் வாழத் தகுதி இல்லாத இடம்" என்று பிறகு அரசாங்கம் அறிவித்தது.

இரண்டு பக்கமும் கடல். நடுவே மணல். தண்ணீர் ஏறி வந்தால், ஓடி ஏற ஒரு மேடு இல்லை. அதனால்தான் பொழுது சாய்ந்ததும் வெளியூர்க்காரர்களைப் போலீசார் திருப்பி அனுப்புகிறார்கள். அவர்களோடு சண்டை போடாதீர்கள்.

"மீனவர்கள் மட்டும் இருக்கிறார்களே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர்கள் கடலை அறிந்தவர்கள். அவர்களுக்குப் பிழைப்பு அங்கே இருக்கிறது. நமக்கு இருப்பது விடுமுறை.

அந்தக் குடும்பங்கள் மணலில் ஊற்றுத் தோண்டிக் குடிநீர் எடுக்கின்றன. சுற்றிலும் உப்புக் கடல்; சில அடி ஆழத்தில் நல்ல தண்ணீர்! மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, உப்பு நீருக்கு மேலே தங்கி நிற்கிறது. உப்பு நீரை விட அது லேசானது அல்லவா? இதைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். ஆனால், அதில் கை கால் கழுவாதீர்கள். உங்களுக்கு வேண்டிய தண்ணீரை ராமேசுவரத்தில் இருந்தே கொண்டு போங்கள். காலிப் பாட்டில்களைத் திரும்பக் கொண்டு வந்துவிடுங்கள். பசித்தால், அங்கே பொரித்துத் தரும் மீனை விலை கொடுத்து வாங்கிச் சாப்பிடுங்கள்.

இடிந்த மாதா கோவில் சுவரில் பெயர் எழுதுகிறவர்களை என்ன சொல்வது? ஊரே மாண்ட இடம் அது!

அரிச்சல்முனை வரை 2017 முதல் நல்ல ரோடு இருக்கிறது. அங்கே கடலில் இறங்கிக் குளிக்க வேண்டாம். நீரோட்டம் இழுத்துவிடும். வெயில் ஏறுமுன் போய், மாலைக்குள் திரும்பிவிடுங்கள். இரவு தங்க ராமேசுவரத்தில் சத்திரங்களும் விடுதிகளும் நிறைய இருக்கின்றன.