சிலை யாருக்கு?

சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ் பக்கம் போயிருக்கிறீர்களா? அங்கே விக்டோரியா ராணிக்கு ஒரு சிலை இருக்கிறது. வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போனது என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை சார். ராணி பட்டத்துக்கு வந்து 50 வருஷம் ஆன கொண்டாட்டத்துக்காக, 1887-ல் விசாகப்பட்டினத்து ஜமீன்தார் ஒருவர் தன் காசில் வாங்கிக் கொடுத்தது.

அதற்குப் பத்து வருஷம் முன்னால், 1876-78 பஞ்சத்தில், இதே சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கான பேர் பட்டினியில் செத்தார்கள். பிணம் விழுந்துகொண்டிருந்த நேரத்தில்தான், 1877 ஜனவரி 1-ம் தேதி, டெல்லியில் தர்பார் கூட்டி அந்த அம்மாளை இந்தியாவின் பேரரசி என்று அறிவித்தார்கள். பத்தே வருஷத்தில் சிலை! நமக்கு என்ன, ஞாபக மறதியா? இல்லை, முதுகு வளைந்து வளைந்து பழகிவிட்டதா?

இந்தக் கும்பிடு சிலையோடு நிற்கவில்லை. நாஞ்சில் நாட்டுக்கு வாருங்கள். திருவிதாங்கூரின் பழைய தலைநகரம் பத்மநாபபுரம். அரண்மனையைப் பார்த்து வாய்பிளக்காதவர்கள் கிடையாது. அந்த ராஜவம்சத்தைச் சேர்ந்த உத்திரம் திருநாள் மகாராஜா, தந்தத்தில் இழைத்த சிம்மாசனம் ஒன்றை ராணிக்கு அனுப்பிவைத்தார். 1851-ல் லண்டன் கண்காட்சியில் அதை வைத்தார்கள். பின்னாளில் பேரரசிப் பட்டம் வந்தபோது, அதில் உட்கார்ந்துதான் ராணி போட்டோ எடுத்துக்கொண்டார்.

சீமையில் ஒரு பெண் உட்கார இங்கிருந்து தந்த சிம்மாசனம். சிம்மாசனம் அனுப்பிய ராஜாவின் நாட்டிலேயே நாடார் முதலான சாதிப் பெண்கள் தோளில் சீலை போடக்கூடாது! போட்டால் தெருவில் வைத்துக் கிழித்தார்கள்.

1822-ல் கல்குளம், இரணியல் வட்டாரத்தில் கலவரம். 1823-ல் பத்மநாபபுரம் நீதிமன்றம், கிறிஸ்தவப் பெண்கள் மார்பை மறைக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு காகிதத்தில் இருந்தது. கிழிக்கிற கை நிற்கவில்லை. 1858-59-ல் மறுபடியும் அடிதடி, தீவைப்பு. கடைசியில் 1859 ஜூலை 26-ம் தேதி அதே உத்திரம் திருநாள் இறங்கிவந்து அறிக்கை விட்டார். அதிலும் ஒரு கொக்கி: மறைத்துக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் மாதிரி உடுத்தக்கூடாது!

“அதுவும் ராணியம்மா புண்ணியத்தில்தானே கிடைத்தது?” என்று கேட்பீர்கள். 1858-ல் ராணி விட்ட பிரகடனம், மத விவகாரத்தில் தலையிட மாட்டோம் என்றுதான் சொன்னது. சென்னை கவர்னர் டிரவெல்யன் நெருக்கினார், மிஷனரிகள் மனு மேல் மனு எழுதினார்கள். வாஸ்தவம், மறுக்கவில்லை. ஆனால் மனுவில் எழுத விஷயம் எங்கேயிருந்து வந்தது? இன்றைக்குக் கிழித்தால் நாளைக்கும் சீலை போட்டுக்கொண்டு தெருவில் இறங்குவேன் என்று நின்ற பெண்களிடமிருந்து வந்தது. புண்ணியம் யாருடையது?

அதற்காகச் சிலையை இடி என்று சொல்லவில்லை. அது விக்டோரியாவின் சிலையே அல்ல, நம் கூனலின் சிலை. இருக்கட்டும், பார்த்துப் பார்த்துக் கூசட்டும். பக்கத்தில் ஒரு பலகை வைத்து, யார் கொடுத்தது, அதற்குமுன் பஞ்சத்தில் எத்தனை சாவு என்று மட்டும் எழுதிவைத்தால் போதும். திருவனந்தபுரத்தில், 1896-ல் கட்டிய விக்டோரியா ஜூபிலி டவுன் ஹாலை இடித்தா தள்ளினார்கள்? 2019-ல் அய்யன்காளி பெயரை வைத்தார்கள். புத்திசாலித்தனம்!

பத்மநாபபுரம் அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. தோள்சீலைப் போராட்டத்தின் 200-வது ஆண்டுக்கு, 2023 மார்ச்சில் இரண்டு முதலமைச்சர்களும் நாகர்கோவிலில் ஒரே மேடையில் நின்றார்கள். இரண்டு அரசும் சேர்ந்து, அன்றைக்குத் தீர்ப்புச் சொன்ன பத்மநாபபுரத்திலேயே அந்தப் பெண்களுக்கு ஒரு சிலை வைக்கட்டும்.

சிம்மாசனமெல்லாம் வேண்டாம். நின்ற கோலம் போதும். அவர்கள் நின்றுதானே ஜெயித்தார்கள்.